உக்ரைனுக்கு எஃப்-16 கொடுத்ததில் பலன் உண்டா?

கேள்வி: போரில் இருக்கும் ஒரு நாட்டுக்குப் போர் விமானம் கொடுப்பது பயன் தருமா? உக்ரைனுக்குக் கொடுத்த எஃப்-16 எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. ஆனால் எந்த வேலையை நினைத்துக் கேட்டார்களோ அந்த வேலை நடக்கவில்லை. பலரும் எதிர்பார்க்காத இன்னொரு வேலைக்கு நன்றாகவே உதவுகிறது.

முதலில் காலக்கணக்கு. 1973 அக்டோபர் போரில் அமெரிக்கா தன் சொந்தப் படைப்பிரிவுகளிலிருந்தே எஃப்-4 பாண்டம் விமானங்களை எடுத்து இஸ்ரேலுக்கு அனுப்பியது. வந்து இறங்கிய கையோடு அவை சண்டைக்குப் போயின. இஸ்ரேல் 1969 முதலே பாண்டம் ஓட்டிக்கொண்டிருந்தது; விமானி, மெக்கானிக், உதிரி பாகம், குண்டு எல்லாம் தயாராக இருந்தன. 2023 வசந்தத்தில் ஸ்லோவாக்கியா கொடுத்த 13 மிக்-29களும் போலந்து கொடுத்தவையும் இதே கதைதான். உக்ரைன் விமானிகள் பிறந்து வளர்ந்ததே அந்த விமானத்தில் என்பதால் தாமதமே இல்லை.

எஃப்-16 அப்படி அல்ல. போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. பயிற்சிக்கு அமெரிக்கா தலையசைத்தது 2023 மே மாதம். முதல் விமானங்களை உக்ரைன் உலகுக்குக் காட்டியது 2024 ஆகஸ்ட் 4. கிட்டத்தட்ட 30 மாதம். எந்த எதிர்த்தாக்குதலுக்கு வான்துணை வேண்டும் என்று கேட்டார்களோ, அது 2023-லேயே முடிந்துவிட்டது.

இந்த இடைவெளியை வெறும் அரசியல் தயக்கம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சியே நீளம். சிலருக்கு முதலில் ஆங்கிலம், பிறகு பிரிட்டனில் சிறு விமானம், பிரான்சில் ஆல்ஃபா ஜெட், அதன்பின் டென்மார்க், அரிசோனா, ருமேனியாவின் ஃபெதெஷ்டி என்று எஃப்-16 பயிற்சி. அனுபவமுள்ள மிக்-29 விமானிக்குக்கூட கை பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம். மீட்டரும் கிலோமீட்டரும் பார்த்துப் பழகிய கண் இனி அடியும், 'நாட்' (knot) என்ற வேக அளவும் பார்க்க வேண்டும். நடுவில் இருந்த கைப்பிடி வலப்பக்கம் போய்விட்டது, அதுவும் அசைவதைவிட அழுத்தத்தைத்தான் உணரும். மெக்கானிக் பயிற்சி பற்றிச் செய்திகளில் அவ்வளவாக வராது. உண்மையில் இறுக்கம் அங்கேதான். விமானியைவிட மெக்கானிக்குகள் பல மடங்கு வேண்டும், கையேடு முழுக்க ஆங்கிலம்.

இப்போது தரைக்கு வருவோம். மிக்-29 கரடுமுரடான தளங்களுக்காகச் செய்தது. தரையில் ஓடும்போது அதன் முக்கியக் காற்று வாயில்கள் மூடிக்கொள்ளும். இறக்கை வேரின் மேல்பக்கத் துவாரங்கள் வழியாக எஞ்சின் மூச்சு விடும். எஃப்-16-இன் வாயோ வயிற்றுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில், எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு சிறு கல், ஒரு நட்டு உள்ளே போனால் கம்ப்ரெசர் பிளேடு போச்சு, எஞ்சினைக் கழற்ற வேண்டியதுதான். சோவியத் காலத்து கான்கிரீட் பலகை ஓடுபாதையின் இணைப்புகள் உதிரும் தளத்தில், பெருக்குவதும் வரிசையாக நடந்து கல் பொறுக்குவதும் அன்றாட வேலை ஆகிவிடுகிறது.

இன்னொன்று ஹைட்ரசீன். ஒற்றை எஞ்சின் விமானம், அதன் கட்டுப்பாடு முழுக்க மின்சாரமும் ஹைட்ராலிக்கும். எஞ்சின் நின்றால் இரண்டும் போகும். அதற்காக ஒரு அவசர மின்அலகு இருக்கிறது. தேவைப்படும்போது 70 சதவீத ஹைட்ரசீன் கலவையில் சுழன்று, விமானி தரையிறங்கச் சில நிமிடங்களை வாங்கிக் கொடுக்கும். அந்தத் திரவம் கடும் நச்சு. கசிந்தால் விமானத்தைத் தனியே நிறுத்தி, சுவாசக் கருவியும் முழு உடையும் போட்ட குழுதான் கிட்டப் போகலாம். மிக் தளத்தில் இப்படி ஒரு குழுவுக்குத் தேவையே இருந்ததில்லை. "எத்தனை விமானம் கொடுத்தார்கள்" என்ற தலைப்புச் செய்தியில் இந்தக் குழுவுக்கு இடம் கிடையாது.

தளம் தாக்கப்படுவது தனிக்கதை. ஸ்தாரோகொஸ்த்யாந்தினிவ் தளத்தை ரஷ்யா திரும்பத் திரும்ப அடித்திருக்கிறது. ஒரே தளத்தில் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. இலங்கை 2000-இல் மிக்-27 வாங்கியது இதே உக்ரைனிடம்தான். ஆரம்பத்தில் ஓட்டுவதற்கு உக்ரைன் விமானிகளும் வர வேண்டியிருந்தது. மறு வருடம் ஜூலையில் கட்டுநாயக்கத் தளத்தை விடுதலைப் புலிகள் தாக்கியபோது கிஃபிர், மிக்-27 உட்பட 8 படை விமானங்கள் நின்ற இடத்திலேயே அழிந்தன.

சரி, வானில் என்ன கிடைத்தது? மிக்-29-இல் இருந்த ஆர்-27ஆர் ஏவுகணைக்கு, ஏவிய விமானமே கடைசி நொடி வரை ரேடாரை இலக்கின் மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எஃப்-16 ஏவும் அம்ராம் ஏவுகணைக்குத் தனியே ஒரு குட்டி ரேடார் உண்டு. இறுதிக் கட்டத்தில் அதுவே இலக்கைத் தேடிக்கொள்ளும். விமானி அடுத்த இலக்குக்குத் திரும்பலாம். கூட்டமாக வரும் க்ரூஸ் ஏவுகணைகளுக்கு எதிரே இந்த வித்தியாசம்தான் எல்லாம். 2024 டிசம்பரில் ஒரே பறப்பில் ஒரு விமானி 6 க்ரூஸ் ஏவுகணைகளை வீழ்த்தியதாக உக்ரைன் விமானப்படை சொன்னது: நான்கு ஏவுகணையால், இரண்டு 20 மி.மீ. பீரங்கியால். படையே சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், தரையிலிருந்து சுடும் பேட்ரியட் ஏவுகணைகள் அரிதாக இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

விலையும் கொடுத்தார்கள். வந்த மூன்றே வாரத்தில், 2024 ஆகஸ்ட் 26 அன்று, பெரும் ஏவுகணைத் தாக்குதலை எதிர்கொண்டபோது ஒரு விமானமும் விமானியும் போனார்கள். 2025 ஜூன் 29 அன்று ஏழு இலக்குகளை வீழ்த்திய விமானி, கடைசி இலக்கை அடித்தபோது விமானம் சேதமாகி இறந்தார். பீரங்கியால் சுடுவதென்றால் மிக நெருங்க வேண்டும். வெடிக்கும் ட்ரோனின் சிதறல் எதிரே பறந்து வரும். தூரத்திலிருந்து அம்ராம் ஏவலாம், ஆனால் ஒன்று சுமார் 10 லட்சம் டாலர்; ட்ரோனுக்கு அதைச் செலவழித்தால் இருப்பு தீர்ந்துவிடும். அதனால்தான் அமெரிக்க எஃப்-16கள் மத்திய கிழக்கில் ட்ரோன்களுக்கு எதிராகப் பயன்படுத்திய, லேசர் வழிகாட்டும் 70 மி.மீ. ராக்கெட் முக்கியமானது. என் கருத்தில், பத்து விமானம் கூடுதலாகக் கொடுப்பதைவிட அந்த ராக்கெட் சில ஆயிரம் கொடுப்பது நல்ல பேரம்.

முன்வரிசையில் கதை வேறு. ரஷ்ய சு-34 விமானங்கள் இறக்கை மாட்டிய 'கிளைடு' குண்டுகளை 60, 70 கிலோமீட்டர் தள்ளி நின்றே போடுகின்றன. அவற்றைத் துரத்த எஃப்-16 உயரம் ஏறினால் ரஷ்யாவின் தரைவழி வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பான எஸ்-400 பார்த்துவிடும். மிக்-31, சு-35 விமானங்கள் உயரத்திலிருந்து ஆர்-37எம் என்ற நெடுந்தூர ஏவுகணையை ஏவும். தாழ்வாகவே பறந்தால், அடர்ந்த காற்றில் மெதுவாகக் கிளம்பும் அம்ராம் பாதித் தூரம்கூடப் போகாது. கொடுக்கப்பட்டவை பழைய ஏ, பி ரகத்தை மேம்படுத்தியவை. ரேடாரும் பழைய குடும்பம். "எஃப்-16 வந்தால் கிளைடு குண்டு நிற்கும்" என்று 2023-இல் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: நார்வே, டென்மார்க், நெதர்லாந்து மூன்றும் எஃப்-35க்கு மாறிவிட்டன. கொடுத்தவை எப்படியும் ஓய்வுக்குப் போக வேண்டியவை. ஆகவே விமானத்தின் விலையைப் பெருக்கி "இத்தனை கோடி" என்பது பொய்க்கணக்கு. உண்மையான செலவு அதன்பின் வருகிறது. பராமரிப்பு, உதிரி பாகம், பயிற்சிக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை 2024 டிசம்பரில் சுமார் 26.6 கோடி டாலருக்கும், 2025 மே மாதத்தில் சுமார் 31 கோடி டாலருக்கும் உக்ரைனுக்கு விற்க ஒப்புதல் தந்தது. கடைசிவரை ஓடும் மீட்டர் இது.

2025 அக்டோபரில் ஸ்வீடனுடன் 100 முதல் 150 கிரிப்பென்-இ போர் விமானங்கள் வரை வாங்க விருப்பக் கடிதம் கையெழுத்தானது. விமானம் இந்தப் போருக்கு அதிகப் பொருத்தம்: 800 மீட்டர் நெடுஞ்சாலைத் துண்டில் இறங்கும்; ஒரு தொழில்நுட்பர், சில கட்டாயச் சேவைச் சிப்பாய்கள் என்ற சிறு குழுவே எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றித் திருப்பி அனுப்பும்படி வடிவமைத்தது. ஆனால் அதன் எஞ்சின் அமெரிக்க ஜிஇ எஃப்414. ஸ்வீடன் மனம் வைத்தாலும் வாஷிங்டனின் ஏற்றுமதி அனுமதி வேண்டும்; நெதர்லாந்தும் டென்மார்க்கும் தங்கள் சொந்த எஃப்-16களைக் கொடுப்பதற்கே 2023 ஆகஸ்ட் வரை காத்திருந்தது அதே அனுமதிக்காகத்தான்.