மறுபடி வரச் சொன்னால்: மார்பகப் பரிசோதனையும் போன் வழி மனநல உதவியும்

மார்பகப் பரிசோதனைக்குப் போய்வந்து முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களைப் பற்றி நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு 52 வயது. முகாமில் மேமோகிராம் எடுத்தார்கள். பிறகு போன் செய்து, "படம் போதவில்லை, இன்னொரு டெஸ்ட் இருக்கு, வாங்க" என்று பதினொரு நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 0 என்று இருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை. மனநல உதவி எண் 14416-க்குப் பேசச் சொல்கிறாள் தங்கை. அங்கே என்ன கேட்பார்கள்? பேசினால் மனநோயாளி என்று பதிந்துவிடுவார்களா?
– வாசகி, கோத்தகிரி

முதலில் ரிப்போர்ட். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தின் முடிவைக் குறிக்கும் எண். அது 0 என்றால் முடிவு சொல்ல இந்தப் படம் மட்டும் போதாது என்று அர்த்தம். மேமோகிராமில் மார்பகத்தை அழுத்தி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு கோணத்தில் படம் எடுக்கிறார்கள். அப்போது திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிழல் கட்டலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாமல் இருக்கலாம். அக்குளில் பூசிய பவுடரோ டியோடரன்டோ வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. மறுபடி போகும் நாளில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அன்று குறிப்பிட்ட இடத்தை மட்டும் அழுத்தி ஒரு படம், ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பெரும்பாலும் அவ்வளவுதான்.

பிரிட்டனின் தேசியத் திட்டத்தில் பரிசோதனை செய்துகொள்ளும் 100 பெண்களில் ஏறத்தாழ 4 பேரை மறுபடி அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் உறுதியாகிறது. அறிகுறி எதுவும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வருகிறவர்களின் கணக்கு இது. உங்கள் கைக்கே கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் குழி விழுந்தாலோ இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அப்படியானால் பதினொரு நாள் காத்திருக்காமல், தேதியை முன்னால் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இனி 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் ஆலோசகர் எடுப்பார். வயது, மாவட்டம், என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பார். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்றும் கேட்கக்கூடும். யாரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான் அது, உங்களைச் சந்தேகித்துக் கேட்பதில்லை. தேவைப்பட்டால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பு தருவார்கள். வீடியோ ஆலோசனையும் 2024 அக்டோபரிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஒரு போன் பேச்சால் யாரும் உங்களுக்கு நோய்ப் பெயர் சூட்டிவிட முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை.

பேசியும் பலன் இல்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம், "மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதுதான். முதல் வாக்கியத்திலேயே, "மார்பகப் பரிசோதனைக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க, இன்ன தேதிக்குப் போகணும், அதுவரைக்கும் எப்படித் தாங்கறதுன்னு தெரியல" என்று சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டுக்கு விளக்கம் அவர்களிடம் கேட்காதீர்கள். அது ஸ்கேன் மருத்துவரின் வேலை.

அவர்கள் சொல்லித்தரக்கூடிய பயிற்சிகளில் இரண்டை இன்றே தொடங்கலாம். ஒன்று, கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது. மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து, பயப்படுவதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்கக்கூடியவற்றை ஒரு பக்கத்திலும், தேதி வரும்வரை யாருக்கும் தெரியாதவற்றை மறுபக்கத்திலும் பிரித்து வையுங்கள். முதல் பக்கம் அன்றைக்கு உங்கள் பையில் போக வேண்டிய சீட்டு. நடு ராத்திரியில் பயம் வந்தால், "நாளைக்கு அஞ்சு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மனம் கேட்காது, பிறகு பழகும். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், இருக்கிற தூக்கமும் போய்விடும்.

இரண்டாவது மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். ஆழமாக வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும்.

மலையில் குளிருக்குச் சாயங்காலமும் இரவும் டீ குடிக்கிறோம். காஃபீன் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இந்த நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் டீயை நிறுத்திவிட்டு சுக்கு வெந்நீருக்கு மாறுங்கள். ராத்திரியில் போனில் நோயைப் பற்றித் தேடுவதையும் நிறுத்துங்கள். அங்கே கிடைப்பது அடுத்தவர்களின் ரிப்போர்ட்.

பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். ஒரே அறை, மாமியாரும் பிள்ளைகளும் கூடவே. டவர் ஒரு மூலையில்தான் எடுக்கும். இதில் மனம்விட்டு எப்படிப் பேசுவது?
– வாசகி, பந்தலூர்

வீட்டுக்குள்தான் பேச வேண்டும் என்று இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியிலோ துணை சுகாதார நிலையத்திலோ மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும். "அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு போன் பேசணும்" என்று கிராமச் செவிலியரிடம் கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து எடை போட்டு முடிந்து, வீடு திரும்பும் முன் உள்ள நேரமும் தோதானது.

வீட்டிலிருந்தே பேச வேண்டி வந்தால் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். எதிரில் பேசுவது வெளியே கேட்காது. "பக்கத்துல ஆள் இருக்காங்க, நான் ஆமா, இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் ஆலோசகர் அதற்கேற்பக் கேட்பார். நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கும். பேச்சை உடனே நிறுத்த வேண்டி வந்தால் என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். "சரிக்கா, ரேஷன் வந்தா சொல்றேன்" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

சிக்னலுக்கு வருவோம். வீடியோ பிடிவாதம் வேண்டாம். டவர் மெலிந்த இடத்தில் வீடியோ உறைந்து உறைந்து வரும். அழுதுகொண்டிருக்கும்போது எதிர்முகம் நின்றுபோனால் மனம் இன்னும் நொந்துவிடும். வாட்ஸ்அப் அழைப்பைவிடச் சாதாரண போன் அழைப்பே மலையில் உறுதியாக நிற்கும். தனியார் ஆலோசகர் என்றால் லைன் அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று முதலிலேயே பேசிவைப்பது நல்லது. பத்து நிமிடம் போதும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மணிக்கணக்கில் கரண்ட் போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேச நேரம் குறித்திருந்தால் காலையிலேயே போனுக்குச் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

போனைப் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்றால், ரிப்போர்ட் படம் கேலரியில் தானாகப் பதியாதபடி வாட்ஸ்அப் அமைப்பில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்துவையுங்கள். பேசிய எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மலையாளமோ கன்னடமோ நன்றாக வருகிறவர்கள் 14416-இல் அந்த மொழியையே தேர்ந்தெடுக்கலாம்.

அம்மாவுக்கு 58 வயது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். "ஊசி பட்டா பரவிடும்" என்று வர மறுக்கிறார். நானே ஆலோசகரிடம் பேசி, அவர் வழியாகச் சம்மதிக்க வைக்கலாமா?
– வாசகர், குன்னூர்

நீங்கள் பேசலாம். அம்மாவுக்குத் தெரியாமல் அவருக்காகப் பேசி முடிவெடுக்க முடியாது. அவர் சம்மதித்தால் மூவருமாக ஸ்பீக்கரில் பேசலாம். அம்மா தனியாகச் சொன்னதை ஆலோசகர் உங்களிடம் சொல்லமாட்டார், வற்புறுத்தாதீர்கள்.

ஊசிப் பரிசோதனையால் மார்பகப் புற்றுநோய் பரவுவதில்லை. இந்தப் பயம் மலையில் மட்டுமல்ல, எங்கும் இருக்கிறது. முற்றிய பிறகு ஊசிக்கு வந்தவர்கள் சில மாதத்தில் இறப்பதைப் பார்த்து, ஊர் ஊசியின்மேல் பழி போட்டுவிட்டது. அம்மாவிடம் நடைமுறையை அப்படியே சொல்லுங்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய ஒரு சின்ன ஊசி, அது சுரீர் என்று இருக்கும். பிறகு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஊசியால் சில துணுக்குகள் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் வரும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் அதிர்ந்துபோகிறார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்தில் முடியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரானால் முன்பே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பிறகு ஓரிரு நாள் கொழுந்துக் கூடையோ தண்ணீர்க் குடமோ தூக்க வேண்டாம். ரிப்போர்ட் வர ஏறக்குறைய ஒரு வாரம். புற்றுநோய் தெரிந்தால் எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனை சேர்ந்தால் இன்னும் சில நாள் ஆகும். ரிப்போர்ட் தாமதமானாலே கெட்ட செய்தி என்று பொருள் இல்லை.

"ஒண்ணும் இருக்காதும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பேச்சை அடைத்துவிடும். "இதுல எது ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். சில நேரம் பதில் ஊசியாக இருக்காது, செலவாக இருக்கும், மார்பை எடுத்துவிடுவார்களோ என்பதாக இருக்கும். எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால்தான் சரியான ஆளிடம் கேட்க முடியும்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் புற்றுநோய்ப் பயத்துக்கு ஆன்லைன் கவுன்சலிங் தருகிறார். பத்து சிட்டிங்குக்கு மொத்தப் பணத்தையும் முன்பே கட்டச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, ஊட்டி

பத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள். 'கவுன்சலர்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவருக்கு மருத்துவ மன்றத்தின் பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் தருவார்கள், அந்தந்த மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மறுபரிசோதனை வேண்டாம் என்றோ, பொடி, கஷாயம் வாங்கு என்றோ சொல்கிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். மார்பகத்தின் போட்டோவோ வீடியோவோ மனநல ஆலோசனைக்கு ஒருபோதும் தேவை இல்லை. கேட்டால் அது குற்றம் செய்ய வருகிற ஆள். பணம் போயிருந்தாலோ மிரட்டினாலோ சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் தினமும் நான்கைந்து முறை தொட்டுப் பார்க்கிறேன். வலிக்கிறது. வலித்தால் மறுபடி பயம்.
– வாசகி, மஞ்சூர்

அடிக்கடி அழுத்திப் பார்ப்பதாலேயே வலி வரும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பகம் இயல்பாகவே கட்டிகட்டியாக இருக்கும். மாதம் ஒரு முறை, மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் பாருங்கள். நின்றவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கை ஒரே நாளில் ஒன்றாக்க முடியாது. இந்த வாரம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு என்று குறைத்து வாருங்கள்.

நல்ல முடிவு வந்தாலும் பயம் உடனே விலகாது. டென்மார்க்கில் மறுபடி அழைக்கப்பட்டுப் பிறகு நோய் இல்லை என்று ஆன பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கலக்கத்தின் தடம் தெரிந்தது. எனவே உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் கவலையை நிறுத்த முடியவில்லை, வேலை கெடுகிறது என்றால் 14416-இல் உளவியலாளரைக் கேளுங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் சோதிக்கும் பழக்கத்துக்குச் சிகிச்சை உண்டு, போன் வழியாகவும் அதைத் தர முடியும். அதே சமயம் மேமோகிராம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. புதிதாகக் கட்டி தென்பட்டால் நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிப் பெண்களுக்குப் போன் செய்வது என் வேலை. சொன்னதும் அழுகிறார்கள், சிலர் வருவதே இல்லை. எப்படிச் சொல்வது?
– சுகாதாரத் தன்னார்வலர், கூடலூர்

பாதி வேலை முகாம் அன்றே முடிந்திருக்க வேண்டும். "சிலரை மறுபடி கூப்பிடுவோம், கூப்பிட்டா பெரும்பாலும் படம் போதாததாலதான்" என்று எடுக்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லுங்கள். யாருடைய எண்ணில் கூப்பிடலாம் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால் விஷயத்தைச் சொல்லாமல், அவர் பேசும் நேரத்தை மட்டும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லாதீர்கள். சனி, ஞாயிறு முழுக்க யாரிடமும் கேட்க வழியில்லாமல் தவிப்பார்கள். "இப்ப பேச வசதியாக்கா?" என்று தொடங்கி, எதற்கு, என்ன டெஸ்ட், எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் ஆகும், கூட ஆள் வரலாமா என்பதை ஒரே அழைப்பில் சொல்லிவிடுங்கள். அழுதால் அழட்டும், அவசரமாக வைத்துவிடாதீர்கள். கடைசியில் 14416-ஐ ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி, அவர் வாயாலேயே ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு முறையும் தேதிக்கு முந்தைய நாள் ஒரு முறையும் கூப்பிட்டு, பஸ்ஸுக்கும் அன்றைய கூலிக்கும் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். வராமல் போவதற்குப் பயம் ஒரு காரணம் என்றால் அந்த ஒரு நாள் கூலி இன்னொரு காரணம். அதை எஸ்டேட் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசித் தீர்க்க முடியும். ஆனால் எந்த டெஸ்ட், எதற்கு லீவு என்பதை அந்தப் பெண் சம்மதிக்காமல் அங்கே சொல்லக் கூடாது.