போகத் தெரியாத கருப்பு

அன்புள்ள ஐயா,

உங்கள் ‘டூலாங்’ கவிதையை எங்கள் ஆசிரியர் அறையில் வாசித்தோம்.

கடைசித் தண்ணீரும் போனபின்
தட்டில் தங்கியது
போகத் தெரியாத கருப்பு.

தோட்டத்தை விட்டுப் போக வழியில்லாமல் நின்றுவிட்ட நம் சனங்களைப் பற்றியது இது என்று நான் சொன்னேன். இன்னொரு ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. எது சரி? அப்புறம், நீங்கள் வீடு நிறையக் கல் சேர்த்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கவிஞருக்கு எதற்கு இந்தப் பொழுதுபோக்கு? கேசிட்டரைட், மொனசைட் என்று கனிமப் பெயர்களையெல்லாம் எழுதப் போனால் கவிதை பாடப்புத்தகம் ஆகிவிடாதா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கருப்பு, ஈய மணல்தான்; டின் என்கிற வெள்ளீயம் அதிலிருந்துதான் வருகிறது. எழுதும்போது என் கண் முன்னால் நம் சனம் யாரும் இல்லை. ஒரு மரத்தட்டும் ஒரு சீனப் பாட்டியும்தான் இருந்தார்கள்.

பீடோர் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்கு எல்லையே ஓர் ஆறு. பள்ளி விட்டு வந்து, அம்மா வெட்டிய ரப்பர் பாலை ஸ்டோருக்குத் தூக்கிப் போகும் வழியில் அந்தப் பாட்டியைப் பார்ப்பேன். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று டூலாங்கைச் சுற்றிக்கொண்டிருப்பார். நடுவில் குழிந்த பெரிய மரத்தட்டு அது. ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு, மறுபடி ஒரு சுற்று. முதலில் சேறு போகும். அப்புறம் வெள்ளை மணல். கடைசியில் குழியில் ஒரு பிடி கருப்பு நிற்கும். ஒருநாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு அதை என் உள்ளங்கையில் கொட்டினார். கை சட்டென்று கீழே போய்விட்டது. பால் வாளி தூக்கிப் பழகிய கை, டீச்சர். ஒரு பிடி மணலுக்கு இறங்கும் என்று அது எதிர்பார்க்கவில்லை. பாட்டி சிரித்தார். உடனே திருப்பியும் வாங்கிக்கொண்டார், என் ரேகைகளில் ஒட்டியிருந்ததைக்கூடத் தண்ணீர் விட்டு அலசி.

வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் கனம். கருப்பு மணலான கேசிட்டரைட் ஏறக்குறைய 7 மடங்கு. லேசானது ஓடும், கனத்தது நிற்கும். பத்து காஜா ஊர்ப் பக்கம் இன்றைக்குக் காட்சிப்பொருளாக நிற்கிற, 1938-இல் கட்டிய அந்த 4,500 டன் மண்வாரிக் கப்பலும் கடைசியில் இதே வேலையைத்தான் செய்தது. 1985-இல் ஈயச் சந்தை விழுந்தபின் பாட்டியை நான் ஆற்றில் பார்க்கவில்லை. ‘போகத் தெரியாத’ என்று எழுதியது அன்று என் கை இறங்கிய இறக்கத்தை. நம் சனத்தை அதில் பார்த்தது நீங்கள். பாருங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கவிதை அந்தக் கனத்திலிருந்து புறப்பட்டது. நம் சனத்திலிருந்து புறப்பட்டிருந்தால் மணலைத் தேடி நான் ஆற்றுக்கே போயிருக்க மாட்டேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபத்து மூன்று வயதில் ‘கல்நெஞ்சக் கங்காணி’ என்று ஒரு கவிதை எழுதினேன். அச்சிலும் வந்தது. இப்போது நினைத்தால் காது சுடுகிறது. எந்தக் கல் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்புக்கல் மலைகளைப் பாருங்கள். மழைத்தண்ணீருக்கே கரைந்து குகை குகையாகப் போயிருக்கின்றன. அந்தக் கல்லைச் சொல்லியிருந்தால் கங்காணிக்கு நற்சான்றிதழ் கொடுத்தது போலாகியிருக்கும்.

‘கல்லுக்குள் ஈரம்’ என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, அது உவமையே இல்லை. பால்போல் வெளுத்த குவார்ட்ஸ் கல் வெளுத்திருப்பதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகளாக அதற்குள் அடைபட்டிருக்கும் திரவம். கல் உருவானபோது சுற்றியிருந்த தண்ணீர் அப்படியே மாட்டிக்கொண்டது. நம் பக்கத்துக் கருங்கல் மலைகளுக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டு. அவற்றோடு வந்த வெள்ளைக்கல்லில் இருப்பது எந்தக் காலத்து ஈரம், யோசியுங்கள்.

பொழுதுபோக்கு என்கிறீர்கள். கோதே என்ற ஜெர்மானியக் கவிஞர் வைமார் நகரத்து வீட்டில் ஏறக்குறைய 18,000 கற்கள் சேர்த்து வைத்திருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1806-இல், ஓர் இரும்புக் கனிமத்துக்குக் கோதைட் என்று அவர் பெயரை வைத்தார்கள். அந்தக் கோதைட்டை நீங்களும் நானும் சின்ன வயதிலிருந்தே சுமந்திருக்கிறோம். தோட்டத்து மண்ரோட்டுக்கு மஞ்சளும் பழுப்பும் ஏற்றுவது அதுதான். வெள்ளைப் பள்ளிச்சட்டையில் பட்டால் அம்மா எத்தனை அடி அடித்துத் துவைத்தாலும் போகாத கறை.

என் சேகரிப்பு அவ்வளவெல்லாம் கிடையாது. எட்டு பிஸ்கட் டின். முன்பு ஒன்பது. ஒன்பதாவதில் ஈயக்குட்டையோரம் அள்ளிய அமாங் இருந்தது. ஈயம் எடுத்தபின் ஒதுக்கும் கனத்த மணல் அது. பளபளவென்று அழகாக இருக்கிறதே என்று பல வருடம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். புவியியல் படித்த நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதில் மொனசைட் இருக்கும், மொனசைட்டில் தோரியம், கதிரியக்கம் உள்ளது என்றார். என் மனைவி அந்த டின்னை மட்டுமல்ல, கட்டிலையும் இடம் மாற்றிவிட்டார்.

சரி, பெயர்களுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் இளங்கோ மதுரை இரத்தினக்கடை வீதியில் நின்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் பெயராகச் சொல்கிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. வியாபாரிகளின் சொற்கள்! பாடப்புத்தகம் ஆகிவிட்டதா? வழக்கு தீர்ந்ததே சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்பதில்தானே. தவிர, மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்; அதற்கு உலகம் வைத்திருக்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. போன சொல் திரும்பி வந்தால் வாசலில் நிறுத்தி வைப்பானேன்?

ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் கவிதை வந்துவிடாது. மலாயாயைட் என்று ஒரு கனிமம். நம் நாட்டின் பழைய பெயர், கிடைத்ததும் நம் பேராக்கில்தான். என்னிடம் ஒரு துண்டு இருக்கிறது. பகலில் சாயம் போன சவர்க்காரத் துண்டு மாதிரி இருக்கும். புறஊதா விளக்கைக் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் வரிகள் ‘நாடு’, ‘அடையாளம்’ என்று ஓடிப்போய்விட்டன. கல் வெளியிலேயே நிற்கிறது. கிழித்துப் போட்டேன்.

உங்கள் மாணவர்களை ஈப்போ புவியியல் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரவு பத்து மணிக்குக் கரண்ட் நின்றதும் போர்வைக்குள் புகுந்து செய்வோம். முட்டை அளவு வெள்ளைக் குவார்ட்ஸ் கல் இரண்டு போதும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து, அழுத்தித் தேயுங்கள். தேய்க்கிற இடம் ஆரஞ்சாக, கல்லுக்கு உள்ளேயிருந்து ஒளிரும். ஒரு கருகிய வாடையும் வரும். சில்லு தெறிக்கும், பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடுங்கள். நல்ல கல் அங்கே கிடைக்காவிட்டால் எழுதுங்கள், மூன்றாவது டின்னில் இரண்டு இருக்கிறது.