இழுப்பு வலை எந்த வாசலுக்கு?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பக்கத்திலேயே மாந்தோப்பு. சீசனில் ஈ மொய்க்கிறது, சாயங்காலம் கொசு. எல்லாக் கதவு, ஜன்னலுக்கும் மடிப்பு வலை (விசிறி போல் மடிந்து ஓரத்தில் ஒதுங்கும் கொசு வலை) போட்டால் சதுர அடிக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போடலாமா? மாமியாருக்கு எழுபது வயது.

பதில்: மொத்தமாக வேண்டாம் அம்மா. தினமும் கையோ காலோ நுழைகிற இடத்துக்கு மட்டும், மடிப்பு வலை மாதிரி இழுத்துத் திறந்து மூடுகிற இழுப்பு வலை போடுங்கள். மற்றதற்குச் சட்டத்தில் இழுத்து அடித்த சாதா வலையே போதும். விலையும் குறைவு, ரிப்பேரும் இல்லை.

நம் ஊர் மர ஜன்னலில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், அதற்கு உள்ளே கிரில். வலை கிரிலுக்கும் உள்ளேதான் வரும். காலையில் கொக்கியை எடுக்கவும், மழை வந்தால் கதவை இழுத்துச் சாத்தவும் கை கிரிலைத் தாண்டிப் போயாக வேண்டும். அங்கே இழுப்பு வலைக்கு வேலை இருக்கிறது. பாத்ரூம் வென்டிலேட்டரை யார் திறந்து மூடப்போகிறார்கள்? அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் சதுர அடி கணக்குப் போடுகிறார். ஸ்லைடிங் ஜன்னலில் வலைக்கென்று தனி டிராக் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அதிலேயே நகரும் வலைக் கதவு போட்டுக்கொள்ளலாம். சமையலறைக்கு மட்டும் ஸ்டீல் வலை கேளுங்கள். ஃபைபர் வலையை எலியும் அணிலும் கடித்து ஓட்டை போட்டுவிடும். கொசுவுக்கு அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள வலை போதும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, ஆகவே விளக்கு வைக்கும் நேரத்துக்கு மட்டும் வலையை இழுத்தால் போதாது.

வாசல் கதவு உள்பக்கம் திறப்பதால் வலை நிலைக்கு வெளியே வரும். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறீர்கள். அந்தத் தண்ணீரும் மாவும் நேராகக் கீழ் டிராக்கில்தான் இறங்கும், சில நாளில் வலை நகராது. டிராக்கைக் கழற்றித் துடைக்க வருமா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். டிராக்கின் உயரம் சில மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் மாமியார் கால் தடுக்கும். இழுப்பு வலையில் இன்னொரு வகை, பெட்டிக்குள் சுருளும் ஸ்பிரிங் ரோலர். அது கதவுக்கு வேண்டவே வேண்டாம். கை நழுவினால் படாரென்று சுருண்டு போகும். மடிப்பு வலை விட்ட இடத்தில் நிற்கும்.

போர்ட்டிகோ ஆசை இருந்தால் என் கதையைக் கேளுங்கள். ஒன்பது அடி திறப்புக்கு ஒரே ரோலராகப் போட்டேன். ஆடிக்காற்றில் வலை பக்கவாட்டுச் சேனலிலிருந்து பிதுங்கி வெளியே வந்து கொடி போல் பறந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறேன்.

அளவெடுக்க வருபவர் அகலம், உயரம் மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலைமட்டம் தப்பிய கதவு நிலையில் எந்த வலையும் ஒரு பக்கம் இடைவெளி விடும்.

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறோம். பெங்களூரு நிறுவனம் ஒன்று போட்ட மடிப்பு வலையில் இரண்டே மாதத்தில் மடிப்பைத் தாங்கும் நூல் அறுந்துவிட்டது. வாரண்டி பிரேமுக்கு மட்டும்தானாம். வழக்குக்குப் பெங்களூரு போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசிப் பாருங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். வாரண்டி பிரேமுக்கு மட்டும் என்று பில்லில் எழுதியிருக்கிறதா, வாய்வார்த்தையா என்பதுதான் முக்கியம். இந்த வலையில் முதலில் போவதே நூல்தான். அதை விட்டுவிட்டு அலுமினியத்துக்கு வாரண்டி கொடுப்பது, செருப்பில் வாரை விட்டுவிட்டு அடிக்கு மட்டும் கொடுப்பது மாதிரி.

கேள்வி: தர்மபுரியில் வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார். வெல்க்ரோ வலை தாங்குமா?

பதில்: மரச்சட்டத்தில் ஒட்டினால் தாங்கும். சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினால் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்துவிடும். அதற்கும் ஓனர் திட்டுவார்.