'இயற்கை வெனிலா' என்று பில் போட்டுச் செயற்கையை விற்றால்?

கேள்வி: கோவையில் எட்டு பேரை வைத்து ஐஸ்கிரீம் தயாரிக்கிறேன். 'இயற்கை வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று பில் போட்டு ஒரு வியாபாரி தந்த சரக்கை 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். பாதி தீர்ந்த பிறகு சந்தேகம் வந்து ஆய்வகத்தில் கொடுத்தேன். கார்பன் ஐசோடோப்பு அளவு (கனமான கார்பன்-13 எவ்வளவு கூடுதல், குறைவு என்று காட்டும் எண்) ஆயிரத்துக்கு -29, எனவே செயற்கை என்று அறிக்கை வந்தது. 'எதுவானாலும் வெனிலின் (வெனிலா மணத்தைத் தரும் வேதிப்பொருள்) ஒன்றுதானே' என்கிறார் வியாபாரி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அங்கே போக வேண்டாம். ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறீர்கள்; வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவைக் காட்டி முதல் வாய்தாவிலேயே மறிப்பார்கள்.

உங்களுக்கான வழி 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். என்ன சரக்கு என்று சொல்லி விற்றாரோ அதுவாகவே இருக்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. வெனிலின் ஒன்றுதான் என்ற வாதம் இங்கே நிற்காது. பில்லில் 'இயற்கை' என்று எழுதி அதற்கான விலையை வாங்கியவர் அவர். ஏற்றுப் பயன்படுத்திவிட்டதால் சரக்கைத் திருப்பித் தள்ளுவது கடினம், நஷ்ட ஈடு கேட்கலாம். 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம்; அவசர உத்தரவு எதுவும் கேட்காவிட்டால் வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

இனி அறிக்கை. எதிர்த்தரப்பு வக்கீல் குறி வைப்பது இதைத்தான். வெனிலா கொடி இரவில் கரியமில வாயுவை ஈர்க்கும் செடி. அதனால் அதன் காயிலுள்ள வெனிலின் பெரும்பாலும் -20-ஐ ஒட்டியே வரும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் செய்தது -26-க்கும் கீழே போகும். ஆனால் -29 என்பது வெனிலினை மட்டும் பிரித்தெடுத்து அளந்ததா, திரவம் முழுவதையுமா? கரைப்பானாகக் கலந்த ஆல்கஹாலிலும் கிளைகாலிலும் கார்பன் உண்டு. முழுத் திரவத்தை அளந்திருந்தால் அந்தத் தாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, மாதிரி எடுத்த கேன். திறந்த கேனிலிருந்து நீங்களே எடுத்தது என்றால் 'நீயே கலந்தாய்' என்பார்கள். திறக்காத கேன் மிச்சமிருந்தால் தொடாதீர்கள். இரு தரப்பும் சேர்ந்து மாதிரி எடுக்க வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் வராவிட்டால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 26-வது கட்டளை, 10ஏ விதிப்படி நீதிமன்றமே அறிவியல் ஆய்வுக்கு ஆணையரை நியமிக்கலாம். வியாபாரி -20 காட்டும் அறிக்கையோடு வந்தாலும் பயப்பட வேண்டாம். கார்பன்-13 ஏற்றிய வெனிலினைச் சேர்த்து அந்த எண்ணை வரவழைக்கும் மோசடி உண்டு. மூலக்கூறின் எந்த இடத்தில் எவ்வளவு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) என்று பார்க்கும் என்எம்ஆர் சோதனையைக் கேளுங்கள்.

உங்கள் டப்பாவில் 'நேச்சுரல் வெனிலா' என்று அச்சிட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 52-வது பிரிவில் தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம். வியாபாரி தந்த உத்தரவாதப் படிவத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அறிக்கை கைக்கு வந்த பிறகு விற்ற ஒவ்வொரு டப்பாவும் அந்த வாதத்தை உடைக்கும்.