மூன்றாவது யூனிட் வருகிறதா? முதல் இரண்டின் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் ஆந்திராவில் தடா மண்டலத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். வீடு இந்தப் பக்கம், உழுகிற நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். இரண்டரை ஏக்கர், 14 வருடமாக வாய்மொழிக் குத்தகை. பக்கத்தில் நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு யூனிட் ஓடுகிறது, மூன்றாவதாக 660 மெகாவாட் போடப்போகிறார்களாம். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். போய்ப் பேசலாமா என்று விசாரித்தால், "நீங்க ஆந்திராக்காரங்க, உங்களுக்கு இங்க பேச்சு கிடையாது" என்கிறார் ஓர் அலுவலர். போன மழையில் சாம்பல் குளத்துக் கரை உடைந்து நடவு முழுக்க வீணானது. யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. இப்போது நிலத்துக்காரர் கம்பெனிக்கு விற்கப்போகிறாராம், இந்த அறுவடையோடு இறங்கிக்கொள் என்கிறார். என் மகன் அந்த நிலையத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளி. நான் என்ன செய்யலாம் ஐயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த அலுவலர் சொன்னது தவறு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்பதற்குத்தான் மாவட்டத்தையும் மாநிலத்தையும் பார்க்கிறது. யார் பேசலாம் என்பதற்கு அப்படி ஒரு கோடு போடவில்லை. திட்டத்தால் பாதிக்கப்படும் உள்ளூர் மக்கள் கூட்டத்தில் பேசலாம், சுற்றுச்சூழல் விளைவில் அக்கறை உள்ள மற்றவர்கள் எழுத்தில் தரலாம் என்பது அதன் ஏற்பாடு. உங்கள் வயல் அங்கே இருக்கிறது, நீங்கள் பாதிக்கப்பட்டவர். ஆதார் அட்டையில் எந்த மாநிலம் என்பதல்ல விஷயம். தொலைவில் வசிப்பவர்கள் வந்து பேசுவதற்குக்கூட அறிவிக்கையில் தடை இல்லை என்று 2010-ல் சமர்த் டிரஸ்ட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கூட்டத்தில் அலுவலரோடு வாக்குவாதம் வேண்டாம். முன்கூட்டியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்று திருவள்ளூர் ஆட்சியருக்கு, இன்னொன்று உங்கள் பக்கத்து ஆட்சியருக்கு. தடா 2022-ல் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது, அதனால் பழைய விலாசத்துக்கு அனுப்பாதீர்கள். தமிழிலேயே எழுதலாம்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நாளிதழில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். முழு வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றியம் போன்ற இடங்களில் உட்கார்ந்து படிக்க விட வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே ஆட்சியர் தரப்பில் கையெழுத்திட வேண்டும். வாசிக்கும்போது எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே, கேமரா ஓடும்போதே சொல்லுங்கள். கூட்டம் முடிந்தது என்று எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தைத் தேடிப் போகிற நேரம் அதுதான்.

சரி, என்ன பேசுவது? பெரும்பாலானோர் "திட்டம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அனுமதியை முடிவு செய்வது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அதற்குப் பரிந்துரை தருவது டெல்லியில் இருக்கும் நிபுணர் குழு. வெறும் எதிர்ப்பை அந்தக் குழு ஒரு வரியில் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். புதிய இடத்தில் வரும் நிலையம் என்றால் வேறு. இது விரிவாக்கம். அதனால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது: ஏற்கெனவே ஓடும் யூனிட்டுகளுக்குக் கொடுத்த அனுமதியில் என்னென்ன நிபந்தனைகள் இருந்தன, அவற்றைக் கம்பெனி கடைப்பிடித்ததா என்பது. விரிவாக்கம் கேட்டு வருபவர், பழைய நிபந்தனைகளைப் பின்பற்றியது பற்றி அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் சான்றளித்த அறிக்கையைக் காட்ட வேண்டும் என்று 2012-லேயே சுற்றறிக்கை இருக்கிறது. கரை உடைந்த சாம்பல் குளம் அந்த அறிக்கையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திராவிட்டால் அந்த அறிக்கை உண்மையை மறைக்கிறது. வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு எப்படி விரிவாக்கம் தருவீர்கள் என்று கேளுங்கள்.

பழைய அனுமதிக் கடிதம் கிடைப்பது கஷ்டமில்லை. அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள். அதோடு, ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் கம்பெனி தர வேண்டிய அரையாண்டு அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது, யார் கேட்டாலும் நகல் தர வேண்டும். தராவிட்டால் பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு. கூட்டத்துக்கு முன்பு பதில் வராமல் போகலாம். வராவிட்டாலும் "கேட்டேன், தரவில்லை" என்பது பின்னால் உதவும்.

சாம்பலைப் பற்றிக் கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பது சாதாரணம். 660 மெகாவாட் யூனிட் ஒன்று வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் நிலக்கரி எரித்தால் 10 லட்சம் டன் அளவில் சாம்பல் வரும். இருக்கிற குளமே தாங்காத இடத்தில் இது எங்கே போகும்? 2021 டிசம்பர் 31 தேதியிட்ட சாம்பல் அறிவிக்கை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும், பயன்படுத்தாமல் விட்டதற்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்கிறது. கம்பெனி எவ்வளவு சாம்பலைச் சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் கொடுத்தது, எவ்வளவு குளத்தில் கிடக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். பழவேற்காடு ஏரியையும் மறக்க வேண்டாம். ஆய்வுப் பகுதி திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர். அதற்குள் ஏரி வருமானால் மீன்பிடியைப் பற்றி அறிக்கை பேசியாக வேண்டும், மாநில எல்லை வந்ததும் வரைபடம் வெள்ளையாகிவிடக் கூடாது.

கந்தகப் புகை நீக்கும் கருவியைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2015-ல் வந்த கந்தக டை ஆக்சைடு வரம்பு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அருகில் இல்லாத நிலையங்களுக்கு, புகைபோக்கி உயர விதியைப் பின்பற்றினால் போதும் என்று விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் எழுப்பும் ஆட்சேபனைக்கு நிபுணர் குழு காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று 2009-ல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பதில் சொல்லாமலே அனுமதி கொடுத்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆந்திரா, தமிழ்நாடு இரண்டும் அதன் எல்லைக்குள்தான், அதனால் எந்த மாநிலம் என்ற சண்டை அங்கே எழாது. காலக்கெடு கறாரானது: அனுமதி தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. ஆகவே கூட்டம் முடிந்ததிலிருந்து வாரம் ஒரு முறையாவது பரிவேஷ் பக்கத்தைத் திறந்து பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

வீணான நடவுக்கு இழப்பீடு தனி வழக்கு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, 15-ஆம் பிரிவின் கீழ் சம்பவம் நடந்து ஐந்து வருடத்துக்குள் கேட்கலாம். பயிர்ச் சேதம் அதன் அட்டவணையிலேயே வருகிறது. விரிவாக்க விவகாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டணம் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆனால் சாட்சியம் வேண்டும்: தேதியோடு எடுத்த படங்கள், வயலில் படிந்த சாம்பலோடு மண் பரிசோதனை, வேளாண் அலுவலரிடம் கொடுத்த மனு, கரை உடைந்த நாளின் பத்திரிகைச் செய்தி. அக்கம்பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து போட்டால் வழக்குக்கு வலு.

குத்தகை விஷயத்தில் உங்கள் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. தமிழ்நாடு பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955, சொந்த உழைப்பில் பயிர் செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயமில்லை, வாய்மொழியும் செல்லும். நிலத்துக்காரர் "இறங்கு" என்று சொல்வதால் இறங்க வேண்டியதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர் முன்பு சட்டத்தில் சொன்ன காரணம் காட்டித்தான் வெளியேற்ற முடியும். நிலம் கம்பெனி பெயருக்கு மாறினாலும் குத்தகை தானாக அழியாது. வாங்கியவர் அந்த நிலத்துக்காரரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். குத்தகையை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். வாங்க மறுத்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அங்கேயே கட்டுங்கள். உடனே தாசில்தாரிடம் 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் உங்கள் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போடுங்கள். உர ரசீது, நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட சீட்டு, கூட்டுறவுக் கடன் எல்லாம் அதற்குச் சான்று. எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "அறுவடைக்குப் பிறகு விட்டுவிடுகிறேன்" என்று எழுதிய தாளில் கண்டிப்பாக வேண்டாம்.

அரசு நிலத்தைக் கையகப்படுத்தும் நிலை வந்தால் கணக்கு மாறும். 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில், மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பி வாழும் குத்தகைதாரரும் "பாதிக்கப்பட்ட குடும்பம்". நீர்நிலையை நம்பும் மீனவரும் அப்படித்தான். கம்பெனி நேரடியாக விலைக்கு வாங்கும்போது இந்த மறுவாழ்வுப் பகுதி பொதுவாகப் பொருந்தாது. அறிவிப்பு ஏதும் வந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள், தமிழ்நாட்டுக்குத் தொழில் நோக்கத்துக்கான தனிச் சட்டமும் இருக்கிறது.

மகன் விஷயம். ஆட்சேபித்ததற்காக அவர் வேலையைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒப்பந்தக்காரர் "நாளையிலிருந்து வராதே" என்றால் அதை நிரூபிப்பது கடினம் என்பதையும் மறைக்க மாட்டேன். மனுவில் அவர் பெயர் வேண்டாம். நீங்களும் இன்னும் பத்து வயல்காரர்களும் சேர்ந்து கையெழுத்திடுங்கள், கூட்டத்தில் பேசுவதற்கு தன் பிள்ளை யாரும் அந்த நிலையத்தில் வேலை செய்யாத ஒருவரை முன்னால் அனுப்புங்கள்.