தலைகீழாக மிதக்கும் தங்கமீன்

கேள்வி: எங்கள் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள். அதில் உருண்டை வயிற்று மீன் 3 நாளாகக் கவிழ்ந்து மிதக்கிறது. தீனி போட்டால் மட்டும் தட்டுத்தடுமாறி வந்து சாப்பிடுகிறது. கடைக்காரர் நீல மருந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? மகள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

பதில்: ஊற்ற வேண்டாம். தீனிக்கு வருகிறது என்றீர்களே, அது நல்ல அறிகுறி. மகளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

மீன் நீரில் நிலையாக நிற்பது முதுகெலும்புக்குக் கீழே உள்ள காற்றுப்பையால்தான். தங்கமீனுக்கு அந்தப் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. ஒராண்டா, ரியூகின் போன்ற குண்டு ரகங்களை உடல் குறுகும்படி வளர்த்தெடுத்திருக்கிறார்கள். குடலும் காற்றுப்பையும் உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மிதக்கும் தீனியைக் கொத்தும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். காய்ந்த தீனி ஊறி உப்பிக் குடல் அடைத்தால் பை நசுங்கும், மீன் கவிழும்.

2 நாள் தீனி போடாதீர்கள். பாவமாக இருக்கும்தான், ஆனால் வளர்ந்த மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் ஒரு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோல் உரித்து, மசித்து, மீனின் கண் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். அப்புறம் மூழ்கும் தீனிக்கு மாறுங்கள். அதையும் ஊறவைத்து, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள்.

தண்ணீரையும் சோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில், மீன் கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து. தொட்டியை மொத்தமாகக் கழுவிவிடாதீர்கள். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் அம்மோனியாவைத் தீர்க்கிறது. அந்த நீல மருந்து, மெத்திலீன் புளூவாக இருந்தால், அந்த பாக்டீரியாவையும் அழித்துவிடும். அது பூஞ்சைக்கான மருந்து, இதற்கில்லை.

நீருக்கு வெளியே தெரியும் வயிற்றுத் தோலைத் தினமும் பாருங்கள். காய்ந்து, சிவந்து புண்ணாகலாம். செதில்கள் பலாத்தோல் போலச் சிலிர்த்து நின்றாலோ, தீனியைக் கண்டும் அசையாமல் கிடந்தாலோ உடனே மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் காற்றுப்பை நன்றாகவே தெரியும்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் லேசாகச் சாய்ந்தே நீந்தினால், உடலமைப்பே காரணமாக இருக்கலாம். தீனி எடுத்து, புண் இல்லாமல் இருக்கும்வரை அப்படியே வாழட்டும்.