கோல்கி உறுப்புக்கு ஒரு புரதத்தின் முகவரி எப்படித் தெரியும்?

கேள்வியின் சாரம் இது: பாடநூல்கள் கோல்கி உறுப்பைச் "செல்லின் அஞ்சலகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் எந்தப் புரதம் எங்கே போக வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? புரதங்களைத் திருத்துவது, பிரிப்பது, அனுப்புவது ஆகியவை மூன்று தனித்தனி வேலைகளா?

செல் உயிரியலைக் கல்லூரியில் கற்பித்து வருபவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. அஞ்சலக உவமையில் ஒரு குறை இருக்கிறது. அஞ்சலகத்துக்கு வந்து சேரும் கடிதத்தில் முகவரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். கோல்கிக்கு வரும் பல புரதங்களிலோ அது இன்னும் எழுதப்பட்டிருப்பதில்லை. கோல்கிக்குள் அந்தப் புரதத்தின் மீது நடக்கும் வேதித் திருத்தமே அதன் முகவரியாகிறது. ஆகவே திருத்துவதையும் பிரிப்பதையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் விஷயம் கடைசிவரை பிடிபடாது.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மீது அமர்ந்திருக்கும் ரைபோசோம்கள் உருவாக்கும் புரதங்கள் வலைக்குள் நுழைந்து, மடிந்து, சரியாக மடிந்தவை மட்டும் சிறு நுண்குமிழிகளில் ஏறிக் கோல்கிக்கு வருகின்றன. விலங்குச் செல்களில் கோல்கி என்பது தட்டையான சவ்வுப் பைகள் பொதுவாக 4 முதல் 8 வரை அடுக்கப்பட்ட ஒரு தொகுதி. எண்டோபிளாச வலையை நோக்கியிருக்கும் பக்கம் சிஸ் முகம். சரக்கு வெளியேறும் பக்கம் டிரான்ஸ் முகம். ஒவ்வொரு பையிலும் இருக்கும் நொதிகள் வேறு வேறு என்பதுதான் இந்த அடுக்கின் பொருளே.

இந்தப் பாதையை ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் 1967-இல் காட்டிய விதத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கினிப்பன்றியின் கணையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலத்தில் 3 நிமிடங்கள் மட்டும் வைத்து, பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றினார்கள். அந்த 3 நிமிடங்களில் உருவான புரதங்கள் மட்டுமே கதிரியக்கம் உடையவை. அவை இருக்கும் இடத்தில் ஒளிப்படப் பூச்சில் கறுப்புப் புள்ளிகள் விழும். தொடக்கத்தில் புள்ளிகள் பெரும்பாலும் எண்டோபிளாச வலையின் மேல் இருந்தன. 7 நிமிடங்கள் கழித்து எடுத்த சீவலில் அவை கோல்கியின் ஓரத்துக்கு வந்திருந்தன. 37 நிமிடங்களில் கோல்கிக்கு அப்பால் உள்ள அடர்த்தியாகும் பைகளிலும், 117 நிமிடங்களில் நொதித் துகள்களிலும் நாளத்தின் உள்வெளியிலும் தெரிந்தன. கமில்லோ கோல்கி 1898-இல் ஆந்தையின் மூளைச் செல்களில் வெள்ளிச் சாயத்தின் மூலம் இந்த உறுப்பைக் கண்டபோது அது உண்மையா, சாயம் உண்டாக்கிய பொய்த்தோற்றமா என்று பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து அந்த வாதத்தை முடித்தது. பலாடே குழுவின் சோதனையோ அந்த உறுப்பின் வழியே புரதங்கள் நகர்வதையே கண்முன் நிறுத்தியது.

இனித் திருத்தத்துக்கு வருவோம். எண்டோபிளாச வலையிலேயே பல புரதங்களின் மீது, அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில், 14 சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு கிளை அப்படியே ஒட்டப்படுகிறது: 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், 2 அசிட்டைல்குளுக்கோசமைன். குளுக்கோஸ் அலகுகள் அங்கேயே வெட்டப்படுகின்றன. கோல்கிக்குள் வந்தபின் சிஸ் பக்கத்தில் மேனோஸ்கள் வெட்டப்படுகின்றன. நடுப் பைகளில் புதிய அசிட்டைல்குளுக்கோசமைன் சேர்கிறது. டிரான்ஸ் பக்கத்தில் கேலக்டோசும் இறுதியாகச் சியாலிக் அமிலமும் சேர்கின்றன. முந்தைய நொதி விட்டுச்செல்லும் வடிவத்தைத்தான் அடுத்த நொதி பற்றிக்கொள்ளும். ஆகவே வரிசை மாறினால் வேலை நடக்காது. ஒரே ஒரு நொதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1952-இல் பம்பாயில் பெண்டே என்பவரும் அவருடைய குழுவினரும் விவரித்த பாம்பே இரத்த வகையினரிடம், A, B சர்க்கரைகள் ஒட்டிக்கொள்வதற்கு அடித்தளமான H அமைப்பை உருவாக்கும் கோல்கி நொதி செயல்படுவதில்லை. அதனால் A அல்லது B நொதி சரியாக இருந்தாலும் அதற்கு ஒட்டுவதற்கு இடமில்லை. வழக்கமான சோதனையில் O வகை போலத் தோன்றும் இவர்களுக்கு O வகை இரத்தத்தையும் ஏற்ற முடியாது. அந்த இரத்தத்தில் இருக்கும் H அமைப்பையே இவர்களின் உடல் அந்நியமாக எண்ணித் தாக்கும்.

திருத்தமே முகவரியாவதை மிகத் தெளிவாகக் காட்டுவது லைசோசோம் நொதிகளின் பயணம். லைசோசோம் என்பது பழைய பொருள்களைச் செரிக்கும் பை; அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட செரிமான நொதிகள் வேலை செய்கின்றன. அந்த நொதிகளும், செல்லுக்கு வெளியே போக வேண்டிய புரதங்களும், ஒரே எண்டோபிளாச வலையில் பிறந்து ஒரே வகைச் சர்க்கரைக் கிளையோடு கோல்கிக்கு வருகின்றன. சிஸ் பக்கத்தில் ஒரு பாஸ்போடிரான்ஸ்பெரேஸ் நொதி லைசோசோம் நொதிகளை மட்டும் பிடித்து, அவற்றின் மேனோஸ் அலகு ஒன்றின் ஆறாவது கார்பனில் பாஸ்பேட் வழியாக ஒரு சர்க்கரையைக் கோக்கிறது. அடுத்து வேறொரு நொதி அந்தச் சர்க்கரையை மட்டும் நீக்கிவிட, மேனோஸ்-6-பாஸ்பேட் வெளிப்படுகிறது. இதுவே லைசோசோமுக்கான முகவரி.

முதல் நொதி லைசோசோம் நொதிகளை எப்படி அடையாளம் காண்கிறது என்று நீங்கள் உடனே கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் பொதுவான அமினோ அமில வரிசை எதுவும் இல்லை. புரதம் சரியாக மடிந்தபின், வரிசையில் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்த லைசின்கள் மேற்பரப்பில் அருகருகே வந்து ஒரு திட்டுப் போல அமைகின்றன. அந்த முப்பரிமாண அமைப்பைத்தான் நொதி தொட்டு அறிகிறது. மடிப்புக் குலைந்த புரதத்தில் அந்தத் திட்டு இருக்காது. எனவே முகவரியும் கிடைக்காது.

டிரான்ஸ் பக்கத்தில், அமிலத்தன்மை பி.எச். 6.5-ஐ ஒட்டியிருக்கும் இடத்தில், மேனோஸ்-6-பாஸ்பேட்டுக்கான ஏற்பிகள் இந்த நொதிகளைப் பற்றிக்கொள்கின்றன. கிளாத்ரின் என்ற புரதம் வெளியிலிருந்து கூடை போலச் சூழ, அவை நுண்குமிழியாகக் கிள்ளி எடுக்கப்படுகின்றன. குமிழி போய்ச் சேரும் எண்டோசோமில் (லைசோசோமுக்குப் போகும் வழியில் உள்ள பை) அமிலத்தன்மை கூடி பி.எச். 6-க்கும் கீழே இறங்கும்போது ஏற்பியின் பிடி தளர்ந்து நொதி விடுபடுகிறது. ஏற்பி மட்டும் கோல்கிக்குத் திரும்பி வந்து அடுத்த நொதியை ஏற்றிச் செல்கிறது. முகவரியைப் படிப்பதும் சரக்கை இறக்குவதும் அமிலத்தன்மையில் உள்ள இந்தச் சிறு வேறுபாட்டில் நடந்து முடிகின்றன.

இந்த விஷயம் நமக்குத் தெரியவந்ததே நோயுற்ற குழந்தைகளால்தான். ஐ-செல் நோய் என்ற அரிய பரம்பரை நோயில் குழந்தையின் வளர்ச்சி குன்றும், மூட்டுகள் இறுகும், மனவளர்ச்சி தடைப்படும். பலர் இளம் குழந்தைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. அவர்களின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருவைச் சுற்றிய பகுதி முழுவதும் கரும் துகள்களால் நிறைந்திருக்கும். அவை செரிக்கப்படாத பொருள்களால் வீங்கிப்போன லைசோசோம்கள். விந்தை என்னவென்றால், செல்லுக்குள் இல்லாத லைசோசோம் நொதிகள் இரத்தத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தன. செல் நொதியைத் தயாரித்திருக்கிறது. ஆனால் தவறான இடத்துக்கு அனுப்பியிருக்கிறது.

1972-இல் ஹிக்மனும் எலிசபெத் நியூஃபெல்டும் ஓர் எளிய, அழகான சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான செல்கள் வெளியிட்ட நொதியை ஐ-செல் நோயாளியின் செல்களுக்குக் கொடுத்தபோது அவை அதை உள்வாங்கிக்கொண்டன. நோயாளியின் செல்கள் வெளியிட்ட நொதியை மற்றச் செல்களுக்குக் கொடுத்தபோது அவை அதைச் சீண்டவே இல்லை. குறை வாங்கும் செல்லில் இல்லை, நொதியில் ஓர் அடையாளம் விடுபட்டிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த அடையாளம் மேனோஸ்-6-பாஸ்பேட் என்பது 1977-இல் வில்லியம் ஸ்லை குழுவினரின் ஆய்வில் வெளிப்பட்டது. பின்னர், இந்நோயாளிகளிடம் இல்லாதது மேலே சொன்ன அந்தப் பாஸ்போடிரான்ஸ்பெரேஸ்தான் என்பதும் உறுதியானது. செல் உயிரியலில் இதைவிடத் திருத்தமான தர்க்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

முகவரி எதுவும் எழுதப்படாத கரையும் புரதம் கோல்கியிலிருந்து பொதுவாகச் செல்லுக்கு வெளியே போய்விடுகிறது. ஐ-செல் நோயில் நடப்பதும் அதுவே. எண்டோபிளாச வலையிலேயே தங்க வேண்டிய புரதம் தவறிக் கோல்கிக்கு வந்தால், அதன் வால்முனையில் இருக்கும் லைசின், ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லியூசின் என்ற நான்கெழுத்து வரிசையை ஓர் ஏற்பி பிடித்து, பின்னோக்கிச் செல்லும் குமிழியில் திருப்பி அனுப்புகிறது. இங்கே முகவரி புரதத்தோடு பிறந்தது. ஆகவே நான் முதலில் சொன்னது எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் விதியன்று.

இன்சுலின் இன்னொரு வழியில் போகிறது. கணையத்தின் பீட்டா செல்லில் 86 அமினோ அமிலங்கள் கொண்ட புரோஇன்சுலின் கோல்கியைக் கடந்து இளம் சுரப்புத் துகள்களுக்குள் அடைபடுகிறது. துகளின் உட்புறம் அமிலமாக மாற மாற, வெட்டும் நொதிகள் விழித்துக்கொண்டு நடுத்துண்டை அகற்றுகின்றன. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாகிறது. அகற்றப்பட்ட சி-பெப்டைடும் அதே துகளில் காத்திருந்து இன்சுலினோடு சம எண்ணிக்கையில் இரத்தத்துக்கு வருகிறது. ஊசி மூலம் செலுத்தும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால்தான் ஒரு நீரிழிவு நோயாளியின் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய மருத்துவர் சி-பெப்டைடு சோதனை எழுதுகிறார்.

அனுப்புதலைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். ஒன்று, சரக்கு ஒரு பையிலிருந்து அடுத்த பைக்குக் குமிழிகளில் தாவுகிறதா, அல்லது பையே சரக்கோடு முன்னேறுகிறதா என்பது. கொல்லாஜனின் முன்னோடிப் புரதம் சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான கோல். 100 நானோமீட்டருக்கும் குறைவான வழக்கமான குமிழிக்குள் அது அடங்காது. ஆயினும் அது கோல்கியைக் கடக்கிறது. 2006-இல் ஈஸ்ட் செல்களில் ஒளிரும் புரதங்களைக் கொண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒரே பை நேரம் செல்லச் செல்லச் சிஸ் நொதிகளை இழந்து டிரான்ஸ் நொதிகளைப் பெறுவதை நேரடியாகக் கண்டன. சரக்கு பையிலேயே தங்க, நொதிகள்தான் குமிழிகளில் பின்னோக்கிப் பயணிக்கின்றன என்ற கருத்துக்கே என் மனம் சாய்கிறது. விவாதம் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை.

மற்றொன்று, குமிழி சரியான சவ்வோடு மட்டும் இணைவது எப்படி என்பது. ராண்டி ஷெக்மன் குழு 37 டிகிரியில் சுரப்பு நின்றுபோகும் ஈஸ்ட் திரிபுகளைத் தேடியது. வெளியேற முடியாத புரதம் உள்ளே குவிவதால் அந்தச் செல்கள் அடர்த்தி கூடிக் கீழே படியும். அவற்றைப் பிரித்தெடுத்து, சுரப்புக்குத் தேவையான 23 மரபணுக்களை 1980-இல் அடையாளம் கண்டார்கள். ஜேம்ஸ் ராத்மன் குழு, குமிழியில் ஒரு பாதியும் இலக்குச் சவ்வில் மறு பாதியுமாக இருந்து ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் ஸ்நேர் புரதங்களைக் கண்டறிந்தது. இருவரும் தாமஸ் சூடோஃபுடன் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

இந்த அறிவு மருந்தாகவும் ஆகியிருக்கிறது. லைசோசோம் நொதி ஒன்றின் குறையால் தசைகள் நலியும் பாம்பே (Pompe) நோய்க்கு 2006 முதல் கொடுக்கப்படும் நொதி, மேனோஸ்-6-பாஸ்பேட் ஏற்பி வழியாகவே தசைச் செல்களின் லைசோசோமைச் சென்றடைகிறது. இந்தப் பெயருக்கும் மேலே சொன்ன இரத்த வகைக்கும் தொடர்பில்லை, ஒலி மட்டுமே ஒன்று. வேறொரு லைசோசோம் நொதி குறையும் கோஷே (Gaucher) நோயில் நொதி சென்று சேர வேண்டியது, கழிவுகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களுக்கு. அவற்றின் மேற்பரப்பில் வெறும் மேனோசுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஆகவே 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துக்கு, மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதியின் சர்க்கரைக் கிளையில் கோல்கி கடைசியாகச் சேர்த்த சியாலிக் அமிலம், கேலக்டோஸ், அசிட்டைல்குளுக்கோசமைன் ஆகியவற்றை ஆய்வகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி மேனோசை வெளிக்காட்டினார்கள்.